சாமியைப் படம் பிடித்தால் யார் என்ன பார்க்கிறார்கள்? (ஆவணப்படங்களும் மதமும்)

கடல்காகம் (இழையைத் தொடங்கியவர்):

எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் மதம் தொடர்பான ஆவணப்படங்களை வரிசையாகப் போடலாம் என்று பேச்சு நடக்கிறது. பட்டியல் போட உட்கார்ந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. இங்கே கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

2005-ல் வந்த பென்குயின் படம் பலருக்கு நினைவிருக்கும். லூக் ஜாக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அண்டார்டிகாவில் எடுத்தது. பிரெஞ்சுப் பதிப்பில் அப்பா பென்குயின், அம்மா பென்குயின், குஞ்சு மூன்றும் நடிகர்களின் குரலில் தாங்களே கதை சொல்லும். அமெரிக்காவுக்குப் போகும்போது அதை எடுத்துவிட்டு நடிகர் மோர்கன் ஃப்ரீமனின் குரலையும் வேறு இசையையும் சேர்த்தார்கள். மதத்தைப் பற்றிய படமே இல்லை அது. ஆனால் அமெரிக்கக் கிறிஸ்தவப் பழமைவாதிகள் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஒருவனுக்கு ஒருத்தி, பிள்ளைக்காகப் பட்டினி, குடும்பப் பாசம் எல்லாம் இதில் இருக்கிறது என்று மைக்கேல் மெட்வெட் மாதிரியான விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். சில சபைகள் கூட்டமாகவே தியேட்டருக்குப் போயின. இவ்வளவு ஒழுங்கு தானாக வந்திருக்க முடியாது, படைத்தவன் இருக்கிறான் என்பதற்கு இதுவே சாட்சி என்றும் சிலர் கிளம்பினார்கள். ஜாக்கே தலையில் கை வைத்துக்கொண்டார். தனக்குப் பரிணாமத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை, தன் படத்தை இதற்கெல்லாம் இழுக்க வேண்டாம் என்கிற ரீதியில் பேட்டி கொடுத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எம்பரர் பென்குயின்களில் பெரும்பாலானவை அடுத்த வருஷம் வேறு ஜோடியைத் தேடிக்கொள்ளும். ஒரு பருவத்துக்குத்தான் இந்த ஜோடி என்று ஃப்ரீமன் குரலே படத்தில் சொல்கிறது. யார் காதிலும் அது விழவில்லை.

என் கேள்வி இதுதான். ஒரே படத்தை ஆளுக்கொரு விதமாகப் பார்ப்பதற்குக் காரணம் நாடா, மதமா, படிப்பா? பொதுவாகப் பேச வேண்டாம், படத்தைச் சொல்லிப் பேசுங்கள்.

தாமு71:

இதற்கு எதற்கு இழை? வெள்ளைக்காரனுக்கு மதம் முடிந்துபோன கதை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறான். நமக்கு அது உயிரோடு இருக்கிறது. அதனால் அவன் ரசிக்கிறான், நமக்குக் கோபம் வருகிறது. அவ்வளவுதான்.

மாம்பலம் ரவி:

தாமு சார், இழையின் முதல் பதிவே அமெரிக்காவில் மதம் உயிரோடு இருப்பதைப் பற்றித்தான். இன்னொரு உதாரணம் தருகிறேன்.

2006-ல் 'ஜீசஸ் கேம்ப்' என்று ஒரு படம் வந்தது. ஹைடி யூயிங், ரேச்சல் கிரேடி இரண்டு பேரும் எடுத்தது. வடக்கு டகோட்டா மாநிலத்தில் டெவில்ஸ் லேக் என்ற ஊரில் (பேரைப் பாருங்கள்) பெந்தெகொஸ்தே குழந்தைகளுக்கான கோடை முகாம். பெக்கி ஃபிஷர் என்ற அம்மையார் நடத்துகிறார். பிள்ளைகள் அந்நிய பாஷை (ஆவி இறங்கியதும் வரும் புரியாத பேச்சு) பேசுகிறார்கள், கண்ணீர் விட்டு அழுகிறார்கள், அதிபர் புஷ்ஷின் அட்டை உருவத்தை முன்னால் நிறுத்திக் கை நீட்டி ஜெபம் செய்கிறார்கள். கருக்கலைப்புக்கு எதிராக வாயில் டேப் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நியூயார்க் மாதிரி ஊர்களில் இதைப் பார்த்தவர்களுக்கு இது பேய்ப்படம்.

அதே படத்தைப் பெக்கி ஃபிஷர் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது! தன் ஊழியத்தைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறார்கள் என்று அதற்கு ஆதரவாகப் பேசினார். அப்போது அமெரிக்க எவாஞ்சலிக்கல் சபைகளின் தேசியச் சங்கத் தலைவராக இருந்த டெட் ஹேகர்டுக்கோ படத்தின் மேல் கடுங்கோபம். ஆக, ஒரே மதம், ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே அரசியல், அதற்குள்ளேயே இரண்டு பார்வை. வினியோக நிறுவனம் இதை நன்றாகவே புரிந்து வைத்திருந்தது. இடதுசாரி ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூர் நடத்தும் திரைப்பட விழாவில் படத்தைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்களாம், அவர் பெயர் ஒட்டிக்கொண்டால் சபைக்காரர்கள் வரமாட்டார்கள் என்று. மூர் போட்டுவிட்டார்.

முகாமுக்கு என்ன ஆனது தெரியுமா? படம் வந்த பிறகு அந்த இடத்தில் யாரோ புகுந்து சேதம் செய்தார்கள். முகாம் நின்றுபோனது. பார்வையாளர் எதிர்வினை என்று நாம் லேசாகப் பேசுகிறோம், அது ஜன்னலை உடைக்கும் அளவுக்கும் போகும்.

கிரேஸ்:

நான் அந்தச் சபைப் பின்னணியில் வளர்ந்தவள், தூத்துக்குடிப் பக்கம். இப்போது சபைக்குப் போவதில்லை. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

ரவி அண்ணா 'பேய்ப்படம்' என்று சொன்ன காட்சிகள் எனக்குச் சாதாரணம். எங்கள் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்புகளிலும் அழுகை உண்டு, கைதட்டல் உண்டு, அந்நிய பாஷையும் உண்டு. கல்லூரியில் தோழிகளோடு இந்தப் படத்தைப் பார்த்தபோது அவர்கள் சிரித்த இடங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. புஷ் அட்டை வந்தபோது மட்டும் அவர்களுக்கு முன்னால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெபம் புதிதில்லை, அங்கே ஒரு அரசியல்வாதி நிற்பதுதான் புதிது. அவர்களுக்கு எல்லாமே ஒரே மாதிரி விசித்திரமாக இருந்ததால் அது தனியாக உறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் நடுநடுவே ஒரு வானொலிக்காரர் வந்து இந்த முகாமைத் திட்டுவார். மைக் பாப்பன்டோனியோ. அவரும் கிறிஸ்தவர்தான், மெதடிஸ்ட். படத்தை ஓரளவு வெட்டி முடித்த பிறகுதான் எதிர்க்குரல் ஒன்று வேண்டும் என்று அவரைச் சேர்த்தார்கள். அதாவது, வெளியார் பார்த்தால் எந்த இடத்தில் நிற்பது என்று தெரியாமல் தவிப்பார்கள் என்று இயக்குநர்களுக்கே பயம் வந்துவிட்டது. எனக்கு அந்த ஆள் தேவைப்படவில்லை. என் தோழிகளுக்குத் தேவைப்பட்டார்.

ராட்டர்டாம் குமரன்:

கடல்காகத்தின் பென்குயின் கதைக்கு எங்கள் ஊரில் ஒரு தம்பி உண்டு.

ஹாலந்தில் பொதுத் தொலைக்காட்சி நேரத்தை உறுப்பினர் சங்கங்கள் பங்கிட்டுக்கொள்ளும். அதில் ஒன்று ஈ.ஓ., 1967-ல் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் தொடங்கியது. பிபிசியின் இயற்கைத் தொடர்களை இவர்கள் வாங்கிப் போடுவார்கள், மிக நன்றாகவும் போடுவார்கள். டேவிட் அட்டன்பரோவின் பாலூட்டிகள் தொடரைப் போட்டபோது கோடிக்கணக்கான வருஷங்கள், பொது மூதாதை என்று வருகிற வரிகளையெல்லாம் வெட்டினார்கள், அல்லது டச்சு விவரணையில் மழுப்பினார்கள். குரங்கிலிருந்து மனிதன் வரைக்கும் போகும் கடைசிப் பகுதியைக் காட்டவே இல்லை. 2007-ல் யாரோ அசலையும் வெட்டியதையும் யூடியூபில் ஏற்றியதும் விஷயம் வெடித்தது. உயிரியலாளர்கள் பிபிசிக்கு மனு எழுதினார்கள்.

இது நடந்தது கஞ்சா காபிக்கடைகளும் தன்பால் திருமணமும் உள்ள ஹாலந்தில். தாமு சார் கவனிக்கவும்.

அட்டன்பரோவுக்கே இது புதிதில்லை. தேன்சிட்டைக் காட்டும்போது ஏன் கடவுளுக்கு நன்றி சொல்வதில்லை என்று கடிதங்கள் வருமாம். ஆப்பிரிக்காவில் ஒரு குழந்தையின் கண்ணைத் துளைத்துக் குருடாக்கும் புழுவையும் அதே கடவுள்தான் படைத்தாரா என்று திருப்பிக் கேட்பார். ஒருவர் பார்ப்பது தேன்சிட்டை, மற்றவர் பார்ப்பது புழுவை. இருவருக்கும் ஒரே நிகழ்ச்சி.

தாமு71:

சரி சரி, ஹாலந்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எல்லாரும் கிறிஸ்தவத்தையே சுற்றுகிறீர்கள். வெளிநாட்டுக்காரன் நம்மூர் சாமியைப் படம் எடுத்தால் எப்படி எடுக்கிறான்? அதைப் பேசுங்கள்.

வில்லுக்காரி:

அதற்கு முன்னால் ஆப்பிரிக்காவுக்கு ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது நேராகத் திருநெல்வேலியில்தான் இறங்குவேன்.

ழான் ரூஷ் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 1954-ல் அக்ரா அருகே ஒரு சடங்கைப் படமெடுத்தார். அரைமணிச் சொச்சம் ஓடும். 'லே மேத்ர் ஃபூ' என்பது பெயர். நைஜர் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த ஆட்கள் ஹவுக்கா என்ற ஆவிகளை இறக்கி ஆடுகிறார்கள். எந்த ஆவிகள்? கவர்னர், ஜெனரல், ரயில் எஞ்சின் ஓட்டுபவர், டாக்டரின் மனைவி. எல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகள்! வாயில் நுரை தள்ள மரத் துப்பாக்கியோடு அணிவகுப்பு நடக்கும். கவர்னர் சிலை மேல் முட்டையை உடைப்பார்கள், அது அவர் தொப்பி இறகாம். நாயை வெட்டிச் சாப்பிடும் காட்சியும் உண்டு. மறுநாள் அதே ஆட்கள் சிரித்த முகத்தோடு வேலைக்குப் போய்விடுவார்கள். படம் எடுக்கச் சொல்லி ரூஷைக் கூப்பிட்டதே அந்தச் சடங்குக்காரர்கள்தான்.

பாரிஸில் திரையிட்டபோது அறையே கொதித்தது. ரூஷின் ஆசிரியர் கிரியோல், படத்தை அழித்துவிடச் சொன்னார். அங்கே இருந்த ஆப்பிரிக்க மாணவர்களுக்கும் அதே கோபம்: எங்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைப்பவர்களுக்கு நீ தீனி போடுகிறாய். பிரிட்டிஷ் அரசு கோல்டு கோஸ்டில் (இன்றைய கானா) தடை போட்டது. கவர்னரை இழிவுபடுத்துகிறது, மிருகவதை என்று காரணம். 1957-ல் வெனிஸில் பரிசும் கிடைத்தது. இப்போது பல்கலைக்கழகங்களில் காலனி ஆட்சியைக் கிண்டலடிக்கும் படம் என்று பாடம் நடத்துகிறார்கள். எத்தனை பார்வை பாருங்கள்: அவமானம், ஆபத்து, கலை, எதிர்ப்பு.

நான் முதல் தடவை பார்த்தபோது இந்த நாலும் எனக்குத் தோன்றவில்லை. 'அட, கொடையில் கோமரத்தாடி ஆடுகிற மாதிரியே இருக்கிறதே' என்றுதான் தோன்றியது. (கொடை எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா, கோமரத்தாடி சாமி இறங்கி ஆடுபவர்.) சுடலைமாடசாமி வேட்டைக்குப் போகும் நேரத்தில் மயானத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கண், அந்த மூச்சு, சுற்றி நிற்பவர்கள் தாங்கிப் பிடிக்கிற விதம் எல்லாம் தெரியும். வெள்ளைக்கார அதிகாரியே சாமியாவதும் நம் பக்கம் நடந்திருக்கிறது. 1809-ல் திருவிதாங்கூர்க் கோட்டை அரணைப் பிடிக்கும் சண்டையில் அடிபட்டுச் செத்த கேப்டன் போல் என்ற துரைக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் பிராந்தியும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டதைக் கால்டுவெல் எழுதியிருக்கிறார். கால்டுவெல்லுக்கு அது பேய் வழிபாடு. படைத்தவர்களுக்கு, வேளை கெட்டுச் செத்த ஒரு வீரனைச் சாந்தப்படுத்தும் வேலை.

அதனால் பாரிஸ் மாணவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது சடங்கின் மேல் வந்த கோபமில்லை. பக்கத்து நாற்காலியில் வெள்ளைக்காரன் உட்கார்ந்திருந்ததால் வந்தது. அதே படத்தை அவர்கள் மட்டும் தனியாகப் பார்த்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள்?

மாம்பலம் ரவி:

பக்கத்து நாற்காலி என்பது முக்கியமான விஷயம். நம் கதையும் அதுதான்.

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1968-ல் இந்தியா முழுக்கச் சுற்றி ஏழு பகுதிகளாக ஒரு தொடர் எடுத்தார். அதில் ஒரு பகுதி மதராஸ். தேரை இழுக்கும் கூட்டத்தை அவ்வளவு நேரம், அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் யாரும் காட்டியதில்லை என்று நினைக்கிறேன். கலாக்ஷேத்ராவில் பெண்கள் அடவு பழகுவதும் வரும். பிரான்சில் பெரிய பாராட்டு. பிபிசி 1970-ல் ஒளிபரப்பியது. இங்கிலாந்தில் இருந்த இந்தியர்கள் கொதித்தார்கள், டெல்லி அரசு நிறுத்தச் சொன்னது, பிபிசி கேட்கவில்லை, கடைசியில் பிபிசியின் டெல்லி அலுவலகமே மூடப்பட்டது. ஏழ்மை, பிணம், சாமியார் இதைத்தான் காட்டுகிறான் என்பது குற்றச்சாட்டு.

நான் இப்போது பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. மால் தன் குரலிலேயே, நான் பார்ப்பது என் கண்ணால்தான், இங்கே என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். நேர்மையான ஆள். ஆனால் லண்டனில் பஸ் கண்டக்டராக இருந்த ஒரு பஞ்சாபிக்கு அந்த நேர்மையால் என்ன லாபம்? மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாரும் நேற்று இரவு அதைப் பார்த்தவர்கள். அதே தொடரை இன்று மயிலாப்பூரில் போட்டால், 'அந்தக் கடை எங்கே போச்சு, அந்த வீடு இருக்கா' என்று பார்ப்பார்கள். தேர் அப்படியே இருக்கிறது, பார்ப்பவரின் நிலைமைதான் மாறிவிட்டது.

பினாங்கு பாலா:

வணக்கம். தைப்பூசம் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்தே போகிறவன்.

பத்துமலையிலும் எங்கள் பினாங்கிலும் கேமராவோடு வராத நாட்டுக்காரர் கிடையாது. 1970-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஒருவரே தைப்பூசத்தைப் படமெடுத்த குழுவில் இருந்தார். வெளியார் எடுத்த படங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுற்றும்: ஏன் வலிக்கவில்லை, ஏன் ரத்தம் வரவில்லை? அலகு கன்னத்தில் இறங்கும் இடத்துக்குக் கேமரா ஓடும். எங்கள் வீட்டில் அதே காட்சியைப் பார்த்தால் அம்மா கேட்பது வேறு: 'இந்தப் பையனுக்கு என்ன வேண்டுதலோ?' படம் முடியும் வரைக்கும் அதற்குப் பதில் இருக்காது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, வேலை கிடைத்ததா, பால்குடத்தோடு பின்னால் நடக்கும் பெண் அவர் மனைவியா, ஒன்றும் தெரியாது. ஆள் வந்து குத்திக்கொண்டு போய்விடுவார்.

சீன நண்பர்கள் பார்க்கும் விதம் இன்னும் வேறு. அவர்களில் பலர் தைப்பூசத்தில் தேங்காய் உடைக்கிறார்கள், சிலர் காவடியே எடுக்கிறார்கள். ஒன்பது சக்கரவர்த்திகள் திருவிழாவில் அவர்களும் கன்னத்தில் வேல் குத்திக்கொள்வதுண்டு. அவர்களுக்கு வலி ஒரு கேள்வியே இல்லை. 'உங்கள் சாமி எத்தனை நாள் விரதம் கேட்கிறார்?' என்றுதான் கேட்பார்கள். தொழில்முறை விசாரிப்பு மாதிரி இருக்கும்.

நான் கண்டவரையில், ஒரு படத்தைப் பார்த்து ஒருவர் என்ன கேள்வி கேட்கிறார் என்பதை வைத்தே அவர் எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடலாம். பிடித்ததா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

சுன்னாகத்தான்:

பாலா அண்ணை சொன்னதோடு ஒட்டி ஒரு படம். 1973-ல் பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி கதிர்காமம் பற்றி ஒன்று எடுத்தது. 'மறையும் உலகம்' என்கிற பொருளில் அவர்கள் நடத்திய மானிடவியல் தொடரில் ஒரு பகுதி. கணநாத் ஒபேசேகர ஆலோசகர். மகன் காணாமல் போன ஒரு சிங்களக் குடும்பம் தெய்வங்களிடம் வழி கேட்டுப் போவதையும் கதிர்காமத் திருவிழாவையும் சேர்த்துக் காட்டும்.

பாலா அண்ணையின் அம்மா கேட்ட கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் உண்டு. என்ன வேண்டுதல் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது, பிள்ளையைக் காணவில்லை. அதற்குப் பிறகு முள்ளுக் காவடியைக் காட்டினாலும் தீமிதிப்பைக் காட்டினாலும் பார்ப்பவர் லண்டன்காரராக இருந்தாலும் அந்தத் தகப்பனோடுதான் நிற்பார்.

ஆனால் எங்களுக்கு வேறு ஒரு நெருடல். கதிர்காமத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பாத யாத்திரை போன தலைமுறை என் பேரனார்களுடையது. அந்தக் கோயில் யாருடையது என்ற கேள்வி எங்களுக்குள் புண்ணாக இருக்கிறது. திரையில் கந்தன் சிங்களத்தில் வாக்குச் சொல்லும்போது ஒரு தமிழர் ஒன்று நினைப்பார், சிங்களவர் ஒன்று நினைப்பார், ஆங்கிலேயர் இரண்டையும் நினைக்கமாட்டார். அவருக்கு அது ஒரு தீவின் அழகான கலப்புச் சமயம். அப்படி நிம்மதியாகப் பார்க்கக் கிடைப்பது தூரத்தில் இருப்பவருக்கு மட்டும்தான்.

தாமு71:

நல்லது. அப்படியானால் 2022 காளி போஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதை எடுத்தவர் வெள்ளைக்காரரில்லை, நம் லீனா மணிமேகலை. காளி வேடத்தில் சிகரெட். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. இதில் எந்தப் பக்கத்து நாற்காலி?

வில்லுக்காரி:

உங்கள் கோபத்தைக் கிண்டல் செய்ய மாட்டேன் தாமு அண்ணே. நடந்ததை மட்டும் பார்ப்போம்.

அது டொரோண்டோவில், பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றுக்காக எடுத்த குறும்படம். ஆகா கான் அருங்காட்சியகத்தில் காட்டினார்கள். போஸ்டர் ட்விட்டரில் வந்ததும் இந்தியாவில் வழக்குகள், இந்தியத் தூதரகம் கனடாவில் புகார், அருங்காட்சியகம் வருத்தம் தெரிவித்துப் படத்தை எடுத்துவிட்டது. கோபப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. ஆதரித்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களும் பார்க்கவில்லை. ஒரு படத்துக்கான எதிர்வினை என்றே இதைச் சொல்ல முடியாது, ஒரு போஸ்டருக்கான எதிர்வினை.

அந்த நேரத்தில் திரிணாமூல் காங்கிரஸ் எம்.பி. மஹுவா மொய்த்ரா, தனக்குக் காளி என்றால் கறி சாப்பிடும், மது ஏற்கும் தெய்வம் என்றார். அவர் கட்சியே விலகிக்கொண்டது. ஆனால் வங்காளத்தில் தாராபீடம் அம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்கு அவர் சொன்னது புதிதா? நம் கருப்பசாமிக்குச் சுருட்டு வைக்காத படையல் உண்டா? சென்னையிலும் டெல்லியிலும் இருக்கும் ஒரு காளி, நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அம்மனையே அந்நியமாகப் பார்க்கிறாள்.

அதே சமயம் மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. குலசேகரன்பட்டினம் தசராவில் காப்புக் கட்டி, விரதமிருந்து, காளி வேடம் போட்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்குகிறவர்களை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். வேடத்தோடு ஒருவர் டீக்கடையில் நின்று பற்றவைத்தால் ஊர் சும்மா விடாது. சுருட்டு படையலில் இருக்கலாம், வேடக்காரர் கையில் இருக்கக் கூடாது. இந்தக் கணக்கு உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். போஸ்டரை ஆதரித்து 'கிராமத்தில் இதெல்லாம் சகஜம்' என்று எழுதிய நகரத்து நண்பர்களில் பலருக்குத் தெரியவில்லை. எதிர்த்தவர்களில் பலருக்குச் சுருட்டுப் படையலே தெரியவில்லை.

2003-ல் கோயில்களில் ஆடு கோழி வெட்டக் கூடாது என்று 1950-ஆம் வருஷச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்களே, ஞாபகமிருக்கிறதா? அப்போது தொலைக்காட்சியில் கிடாவெட்டுக் காட்சியைப் பார்த்து 'சீ' என்றவர்களும் தமிழர்கள்தான், கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடாவோடு முழித்தவர்களும் தமிழர்கள்தான். 2004-ல் அந்தச் சட்டமே போய்விட்டது. நம்முடைய பாதிப் பேர் மீதிப் பேரின் சாமியை டிவியில்தான் முதலில் பார்த்தார்கள்.

கடல்காகம்:

இங்கே எனக்கு 'ராம் கே நாம்' ஞாபகம் வருகிறது. ஆனந்த் பட்வர்தன், 1992. மசூதி இடிப்புக்கு முன்பே அயோத்திப் போராட்டத்தைப் படமெடுத்தார். தேசிய விருது கிடைத்தது, ஆனாலும் தூர்தர்ஷன் காட்டவில்லை. நீதிமன்றத்துக்குப் போய்த்தான் ஒளிபரப்பு வாங்க முடிந்தது. 2019-ல் கூட ஹைதராபாத்தில் திரையிட்டவர்களைப் போலீஸ் பிடித்தது.

அந்தப் படத்தில் மறக்க முடியாதவர் பூசாரி லால்தாஸ். நீதிமன்றம் நியமித்த அர்ச்சகர். இது அரசியல் ஆட்டம், பக்தி இல்லை என்று சாந்தமாகச் சொல்வார். 1993-ல் அவரைக் கொன்றுவிட்டார்கள். வெளிநாட்டுப் பார்வையாளர் ஒருவர் இதை 'இந்து முஸ்லிம் சண்டை பற்றிய படம்' என்று பார்ப்பார். லால்தாஸ் வருகிற இடத்தில் அந்தச் சட்டகம் உடைகிறது, ஏனென்றால் பேசுகிறவர் நெற்றியில் நாமம் இருக்கிறது. எங்கள் கழகத்தில் ஒருமுறை போட்டபோது மிகவும் கோபப்பட்டவரும் பக்தர், லால்தாஸைப் பார்த்துக் கண் கலங்கியவரும் பக்தர். நாத்திகத் தோழர்கள் 'தெரிந்ததுதானே' என்று உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

சரி, செய்முறைக் கேள்வி. விவரணை உள்ள படம் போடுவதா, இல்லாத படமா? குரல் இருந்தால் அது ஒரு பக்கம் இழுக்கிறது. இல்லாவிட்டால் என்ன ஆகும்?

மாம்பலம் ரவி:

இல்லாவிட்டால் சண்டை இன்னும் பெரிதாகும்! ராபர்ட் கார்ட்னர் 1986-ல் காசியைப் பற்றி 'ஃபாரஸ்ட் ஆஃப் பிளிஸ்' எடுத்தார். விவரணை கிடையாது, சப்டைட்டில் கூடக் கிடையாது. படகு, சாமந்தி, விறகுத் தராசு, நாய், பிணம், சுடுகாட்டுத் தொழிலாளர்களின் தலைவரான டோம் ராஜா. மேற்கத்திய மானிடவியலாளர்கள் பத்திரிகையில் அடித்துக்கொண்டார்கள். விளக்கம் இல்லாவிட்டால் பார்ப்பவனுக்குப் பிணமும் அழுக்கும்தானே மிஞ்சும் என்று ஒரு கட்சி, விளக்கம்தான் கண்ணை மறைக்கிறது என்று இன்னொரு கட்சி. காசிக்குப் போய் அஸ்தி கரைத்துவிட்டு வந்த என் சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் எதற்கும் அதிர்ச்சியாகவில்லை. படகுக்காரன் கேட்ட கூலியைப் பற்றித்தான் பேசினார்.

பிலிப் க்ரோனிங்கின் 'இன்ட்டு கிரேட் சைலன்ஸ்' படத்திலும் விவரணை கிடையாது, ஆனால் வரவேற்பு இதற்கு நேர் எதிர். பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் கார்த்தூசியத் துறவிகள் மடம். 1984-ல் அனுமதி கேட்டார், 16 வருஷம் கழித்துப் பதில் வந்தது. தனி ஆளாக, செயற்கை விளக்கு இல்லாமல் எடுத்தார். ஏறக்குறைய மூன்று மணி நேரம், பேச்சு மிகக் குறைவு. 2005-ல் வெளிவந்து ஜெர்மனியில் நன்றாக ஓடியது. சர்ச்சுக்கே போகாதவர்கள் அமைதிக்காகப் போய் உட்கார்ந்தார்கள். கார்ட்னரைத் திட்டிய மாதிரி இவரை யாரும் 'ஏன் விளக்கவில்லை' என்று உலுக்கவில்லை. காரணம் எளிது என்று நினைக்கிறேன், பார்த்தவர்களுக்கு அந்த மதம் ஏற்கெனவே தெரியும். தன் வீட்டு மௌனத்துக்கு யாரும் உரை கேட்பதில்லை.

கிரேஸ்:

மூன்று மணி நேரத்தை எங்கள் ஊர்த் தியேட்டர் நாற்காலியில் போட்டால் பாதிப் பேர் முதுகுவலியோடு துறவியாகிவிடுவார்கள்.

கடல்காகம், என் யோசனை: 'ஜீசஸ் கேம்ப்' போடுங்கள், ஆனால் பெந்தெகொஸ்தே இளைஞர்கள் சிலரையும் கூப்பிடுங்கள். நாம் மட்டும் உட்கார்ந்து சிரித்தால் அது பார்வையாளர் கூட்டம் இல்லை, நம் வீட்டு வரவேற்பறை. அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பொறி வைத்த மாதிரி ஆகிவிடக் கூடாது.

பினாங்கு பாலா:

விவரணை இல்லாத படம் போடுவதாக இருந்தால் முடிந்ததும் முதலில் கேள்விகளை மட்டும் வாங்குங்கள், கருத்து வேண்டாம். ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தரட்டும். அப்புறம் நீங்களே பார்ப்பீர்கள்.

கடல்காகம்:

சீட்டு யோசனை பிடித்திருக்கிறது. குழுவில் பேசிவிட்டேன். முதல் படம் ரூஷின் ஆப்பிரிக்கச் சடங்குப் படம், காரணம் எங்கள் ஊரில் யாருக்கும் அதில் சொந்தபந்தம் இல்லை, சாமியாட்டமோ எல்லாருக்கும் தெரியும். நாய்க் காட்சி இருப்பதாக வாசலிலேயே எழுதிப் போடுவோம். அடுத்தது 'ஜீசஸ் கேம்ப்', கிரேஸ் சொன்னபடி அழைப்போடு. வில்லுக்காரி, முதல் நாள் நீங்கள் வந்து கேப்டன் போல் கதையைச் சொல்ல முடியுமா? படத்துக்கு முன்னால் வேண்டாம், பின்னால்.

வில்லுக்காரி:

வருகிறேன். ஆனால் அந்த வாரம் எங்கள் ஊரில் கொடை. வெள்ளிக்கிழமை இரவு வேண்டாம், ஞாயிறு வையுங்கள்.

தாமு71:

நானும் வருகிறேன். காளி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, அதையும் சீட்டில் எழுதலாமா?

கடல்காகம்:

கேள்வியாக எழுதினால் வாங்கிக்கொள்வோம் சார். ஞாயிறு மாலை 5 மணி.